கஷாயமும் கண்ணாடிக் குடுவையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் பாட்டியும் அவருடைய பாட்டியும் சாப்பிட்ட மூலிகைக்கு இனி என்ன சோதனை? ஆயிரம் வருஷ அனுபவம் போதாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, விருதுநகர்)

பதில்: பாதிக்குப் போதும். சாப்பிட்ட அன்றே வயிற்றைப் பிரட்டும் இலையைப் பாட்டி கண்டுபிடித்துவிடுவார். பேத்திக்கும் சொல்லி வைப்பார். அந்த அறிவுக்கு என் வணக்கம். ஆனால் இன்று தின்ற வேர் பத்து வருஷம் கழித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்தால், அந்த இரண்டையும் எந்தப் பாட்டியால் முடிச்சுப் போட முடியும்?

ஆடுதீண்டாப்பாளையையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கரிசல் காட்டில் தானாக முளைப்பது. குடற்புழுவுக்கும் தோல் நோய்க்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். அதுவும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டலோக்கியா என்ற ஒரே பேரினம். இந்தப் பேரினத்துச் செடிகளில் அரிஸ்டலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. விசாரித்ததில், சேர்க்க வேண்டிய ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா வேர் கலந்துவிட்டது தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். பின்னாளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இந்த அமிலம் நம் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு, தனக்கே உரிய ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது.

சீனாவிலும் அரிஸ்டலோக்கியா பல நூற்றாண்டு அனுபவம் உள்ள பேரினம்தான். அனுபவத்தின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் தீங்கு நின்றிருந்தது. அந்தத் தூரத்தைப் பார்க்கத்தான் சோதனை.

கேள்வி: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் என் மகன் எழுந்து பள்ளிக்கூடம் போய்விட்டான். டாக்டரோ, "அது தானாகவே சரியாகியிருக்கும்" என்கிறார். யார் சொல்வது சரி?
(ஒரு தாய், திருவண்ணாமலை)

பதில்: மகன் எழுந்து நடந்ததுதான் முதல் செய்தி, மகிழ்ச்சி. ஆனால் உங்கள் ஒரு மகனை வைத்து உங்களாலும் நிரூபிக்க முடியாது, டாக்டராலும் முடியாது. பிள்ளைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி, அசுத்தமான தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். கீழாநெல்லி கொடுத்தாலும் தணியும், கொடுக்காவிட்டாலும் தணியும். அப்படியானால் கீழாநெல்லிக்கு ஏதாவது பங்கு உண்டா என்பதை எப்படி அறிவது? ஒரே நோயுள்ள இரு கூட்டத்தாரை எடுத்து, ஒரு கூட்டத்துக்கு மூலிகையையும் மற்றதற்கு அதே போலத் தோன்றும் வெற்று மருந்தையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நம் சென்னையிலேயே அப்படி ஒரு சோதனையை, வேறொரு காமாலை வைரஸுக்கு, செய்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பெர்க்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸை உடலில் நெடுநாளாகச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி. சிகிச்சை பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 59 சதவீதம் எங்கே, 4 சதவீதம் எங்கே! உலகமே சென்னைப் பக்கம் திரும்பியது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் ரகம் வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா, தயாரித்த விதம் வேறா என்று பல காரணங்கள் அலசப்பட்டன. சென்னை ஆய்வில் கணக்கில் வந்தவர்களே மொத்தம் 60 பேர்தான். ஆய்வாளர்களே அதை முன்னோட்டம் என்றுதான் அழைத்தார்கள். பின்னால் எல்லா ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த மறுஆய்வுகளும் நம்பத்தகுந்த ஆதாரம் போதவில்லை என்றே முடித்தன.

எனக்கு இதில் வருத்தமும் உண்டு, பெருமையும் உண்டு. வருத்தம், அந்த வாசலைத் திறந்த ஊரிலிருந்தே நூற்றுக்கணக்கான நோயாளிகளோடு ஒரு பெரிய ஆய்வு எழுந்து கேள்வியை ஒரேயடியாகத் தீர்த்திருக்க வேண்டும் என்பது. பெருமை, நாட்டு மருந்தைக் கேலி செய்யாமலும் கும்பிட்டு ஒதுக்காமலும் நேர்மையாகக் கேள்வி கேட்ட முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று நம் ஊரில் நடந்தது என்பது.

உங்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை யாருக்காவது காமாலை வந்தால் முதலில் ரத்தம் எடுத்து எந்தக் காமாலை என்று பாருங்கள். நோயாளி பிதற்றினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, அரைக்கிற கல்லை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு இலையின் மெத்தனால் சாறு, 500 மைக்ரோகிராம் அளவில் புற்றுநோய்ச் செல்களில் பாதியைக் கொன்றது. "புற்றுநோயை எதிர்க்கும் மூலிகை" என்று தலைப்புப் போடலாமா?
(முதுநிலை மாணவி, திருச்சி)

பதில்: போடாதீர்கள் தங்கையே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம். சராசரி மனித உடலில் இருக்கும் நீர் ஏறக்குறைய 40 லிட்டர். அந்த நீர் முழுக்க அதே செறிவு வர வேண்டுமானால் 20 கிராம் சாறு தேவை. நூறு கிராம் காய்ந்த இலைக்குப் பத்து கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளைக்கு 200 கிராம் காய்ந்த இலை. அதுவும் குடலில் சிதையாமல், கல்லீரலில் மாறாமல், முழுதாக ரத்தத்தில் சேர்ந்தால்தான். யாரால் முடியும்? கச்சாச் சாறு ஒன்று 20 அல்லது 30 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால்தான் மேலே தொடரத் தகுந்தது என்பது இந்தத் துறையில் பலரும் கைக்கொள்ளும் வரம்பு.

இன்னும் மூன்று கேள்விகளை உங்கள் வழிகாட்டி கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அதே சாறு ஆரோக்கியமான செல்களை விட்டுவைத்ததா? சாற்றைக் கரைக்க ஊற்றிய திரவத்தை மட்டும் தனியாக விட்டுப் பார்த்தீர்களா? செல்கள் செத்தனவா, அல்லது வளர்வதை நிறுத்தினவா? செல்களின் உயிர்ப்பைப் பார்க்கும் எம்டிடி சோதனை ஊதா நிறத்தின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. நிறம் குறைந்ததற்கு மரணம் மட்டுமே காரணம் அல்ல. சாற்றில் உள்ள சில பொருள்கள் அந்தச் சாயத்தோடு நேரடியாகவே வினைபுரியும்.

பிறகு செடியைப் பற்றி ஒன்று. பூவோடும் காயோடும் கிளையை அழுத்தி உலர்த்தி, பறித்த இடமும் தேதியும் எழுதி, ஒரு தாவரக் காப்பகத்தில் வைத்து எண் வாங்கிவிட்டீர்களா? உங்கள் ஊரிலேயே செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அந்த எண் இல்லாத ஆய்வில், நீங்கள் எந்தச் செடியைச் சோதித்தீர்கள் என்பதை நாளைக்கு யாராலும் சரிபார்க்க முடியாது. மேலே சொன்ன பெல்ஜியத்துத் துயரம் ஆள்மாறாட்டத்தில் தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம்.

500 மைக்ரோகிராமில்தான் வேலை செய்தது என்பதும் ஒரு முடிவுதான். அதை அப்படியே எழுதுங்கள். அடுத்து வருபவருக்கு மூன்று வருஷம் மிச்சமாகும்.

கேள்வி: ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனையில் எங்கள் இலை 90 சதவீதம் வந்தது. அபாரம் இல்லையா?
(அதே கல்லூரி, அதே வகுப்பு)

பதில்: ஊதா நிறக் கரைசல் மஞ்சளாக மாறியது. டீத்தூள் போட்டாலும் மாறும். பாலிஃபீனால் உள்ள எந்த இலையும் அதைச் செய்யும். இது ஆய்வின் முதல் பக்கம். தயவுசெய்து முடிவுரையாக்கிவிடாதீர்கள்.

கேள்வி: டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீரை அரசாங்கமே வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தது. அது நிரூபிக்கப்பட்டதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
(மளிகைக் கடைக்காரர், ஈரோடு)

பதில்: ஒரே வார்த்தை: பாதி.

நிலவேம்பில் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. அழற்சியைத் தணிக்கும் அதன் குணம் ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தின் சாறு டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுக்கு எதிராகச் செல்களில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து, நம்பிக்கை தரும் முடிவுகளைச் சொன்னது. ஆனால் அது எத்தனாலில் எடுத்த சாறு. நீங்கள் வரிசையில் நின்று குடித்தது தண்ணீரில் காய்ச்சியது. எத்தனாலில் இறங்கும் பொருள்கள் எல்லாம் அதே அளவில் தண்ணீரில் இறங்குவதில்லை.

இன்னொரு சிக்கல், டெங்குவின் குணம். காய்ச்சல் விட்ட பிறகு சரியும் தட்டணுக்கள் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தாமாகவே ஏறும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ, நிலவேம்போ பப்பாளி இலைச் சாறோ, பெயர் அதற்குப் போய்விடும். குடித்தவர், குடிக்காதவர் என்று இரு கூட்டமாகப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. வரிசையில் நின்ற லட்சக்கணக்கானவர்களில் ஒரு சிறு பகுதியை முறையாகப் பதிவு செய்து பின்தொடர்ந்திருந்தால் இன்று உங்களுக்கு முழு வார்த்தையே சொல்லியிருப்பேன். கையில் வந்த வாய்ப்பைக் கோட்டைவிட்டோம்.

அந்தக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள். அதில் பற்படாகம் என்ற பெயரில் சந்தையில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் விற்கின்றன. கடை வைத்திருக்கும் உங்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும்.

கேள்வி: சீனாக்காரர்கள் மட்டும் பழைய ஏட்டிலிருந்து நோபல் பரிசு வரைக்கும் எப்படிப் போனார்கள்? நம்மிடம் ஏடு குறைவா?
(நூலகர், தஞ்சாவூர்)

பதில்: ஏடு குறைவில்லை. ஏட்டைப் படித்த விதத்தில்தான் பாடம் இருக்கிறது.

1967 மே 23-ஆம் தேதி சீனாவில் மலேரியா மருந்து தேடும் ரகசியத் திட்டம் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு 523 என்று பெயர். பெய்ஜிங்கில் ஆய்வாளர் தூ யூயூவின் குழு பழைய நூல்களிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் இரண்டாயிரம் மருந்துக் குறிப்புகளைத் திரட்டியது. சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து மலேரியா பிடித்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். சிங்ஹாவ் என்ற மூலிகை ஒருமுறை நன்றாக வேலை செய்தது, மறுமுறை கைவிட்டது. மற்றவர்கள் அத்தோடு அதைத் தள்ளிவிட்டு அடுத்த செடிக்குப் போயிருப்பார்கள்.

தூ யூயூ நூலுக்குத் திரும்பினார். நான்காம் நூற்றாண்டில் கா ஹோங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில், அந்தத் தழையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. ஏறத்தாழ 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில், குறைந்த சூட்டில் சாறு எடுத்தார். சாற்றிலிருந்து அமிலப் பகுதியையும் நீக்கினார். 1971 அக்டோபரில், 191 என்று எண்ணிட்ட சாறு எலிகளின் ரத்தத்திலிருந்து மலேரியா ஒட்டுண்ணியை முற்றாக ஒழித்தது. அடுத்த ஆண்டு நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன்பு அவரும் தோழர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து பிரித்த ஆர்ட்டெமிசினின் உலகெங்கும் உயிர்களைக் காத்தது. 2015-இல் நோபல் பரிசு வந்தது.

நம் நூல்களிலும் எட்டில் ஒன்றாய்க் காய்ச்சு, நாலில் ஒன்றாய்க் காய்ச்சு, நிழலில் உலர்த்து, பூப்பதற்கு முன் பறி என்று வரிக்கு வரி செய்முறை இருக்கிறது. நம் ஆய்வகங்கள் பலவும் அதைப் புரட்டாமலே, சாக்ஸ்லெட் கருவியில் இலையைப் போட்டு மெத்தனாலை ஊற்றிவிடுகின்றன. பிறகு கிடைத்த முடிவுக்குச் சித்தர் பெயரைப் போடுகிறோம். அந்தச் சாற்றைச் சித்தர் யாரும் எழுதவில்லை.

கேள்வி: நஞ்சு மூலிகையைச் சுத்தி செய்வது வெறும் சடங்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை.
(சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: நாபியைக் காட்டிப் பேசுங்கள். பச்சை நாபிக் கிழங்கில் அகோனிட்டின் இருக்கிறது. இதயத்தின் தாளத்தையே குலைத்துவிடும். நூல்கள் சொல்லும் சுத்தி முறைகளில் நெடுநேரம் ஊறவைப்பதும் வேகவைப்பதும் உண்டு. வேகும்போது அகோனிட்டின் நீரோடு வினைபுரிந்து உடைகிறது. உடைந்து வரும் பொருள்களின் நஞ்சு பல மடங்கு குறைவு. பரிசோதனைக் கருவிகளில் சுத்திக்கு முன், சுத்திக்குப் பின் என்று இரண்டு மாதிரிகளை ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சடங்கு என்று சிரிப்பவருக்கு அந்த இரண்டு தாள்களையும் நீட்டுங்கள். கூடவே, எத்தனை மணி நேரம் வேகவைத்தால் போதும் என்பதையும் அளந்து எழுதுங்கள். சுத்தி குறைந்தால் உயிருக்கு ஆபத்து. மிகுந்தால் மருந்தே போய்விடலாம்.

கேள்வி: பக்கவிளைவே இல்லாத மருந்து எது?
(ஒரு கல்லூரி மாணவர், கரூர்)

பதில்: எந்த விளைவும் இல்லாத மருந்து.

கேள்வி: சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு விளம்பரம். நம்பலாமா?
(ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள் அண்ணே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சிறுகுறிஞ்சான் வெறும் கதை அல்ல. இலையை மென்றுவிட்டு வாயில் சர்க்கரை போட்டால் மணல் போல இருக்கும். அதிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் இடத்தைச் சிறிது நேரம் அடைத்துவிடுகின்றன. ரத்தச் சர்க்கரை பற்றியும் சென்னையில் ஆய்வு நடந்து 1990-இல் வெளியானது. சிறுகுறிஞ்சான் சாறு தினம் 400 மில்லிகிராம் வீதம் பல மாதங்கள் கொடுத்ததில் இரு வகை நீரிழிவிலும் சர்க்கரை குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் நோயாளிகள் சில பத்துப் பேர்தான். யாருக்கு மூலிகை, யாருக்கு வெற்று மருந்து என்று மறைத்து வைத்த சோதனையும் அல்ல. ஆய்வுக்குள் வந்தாலே மனிதர் உணவில் கவனமாகிவிடுவார். அந்தக் கவனமும் சர்க்கரையைக் குறைக்கும்.

மாத்திரையோடு சேர்த்து இதையும் சாப்பிட்டால் சர்க்கரை எதிர்பாராமல் தாழ்ந்துபோகலாம். ஓட்டுநர் இருக்கையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே அந்த விளம்பரமே குற்றம்.

கேள்வி: தினமும் மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிறேன். நல்லதுதானே?
(வங்கி ஊழியர், கோவை)

பதில்: ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவதே அரிது. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது மனிதரின் ரத்தத்தில் குர்குமின் அளவு 20 மடங்கு உயர்ந்தது. உடனே மாத்திரைக் கம்பெனிகள் பைப்பரினைச் சேர்க்கத் தொடங்கிவிட்டன. அதன் பிறகு, இத்தகைய மாத்திரைகளைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் செய்திகள் வர ஆரம்பித்தன. பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடும்.

2017-இல் வேதியியலாளர் குழு ஒன்று குர்குமின் ஆய்வுகளை மொத்தமாக அலசி ஒரு கட்டுரை எழுதியது. குர்குமின் நிலையற்றது, ஆய்வகச் சோதனைகளை ஏமாற்றிப் பொய்யான வெற்றி காட்டக்கூடியது, வெற்று மருந்தோடு ஒப்பிட்ட கடுமையான மனிதச் சோதனை எதிலும் தேறவில்லை என்று சொன்னது. மஞ்சளின் மேல் பற்றுள்ள எனக்கு அதைப் படிக்கக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அது மறுக்க முடியாத வாதம். காயத்தில் பூசுங்கள், குழம்பில் போடுங்கள். மாத்திரையை விடுங்கள்.

கேள்வி: எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் நித்தியகல்யாணி பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சுடுகாட்டில் பூப்பதை வாங்கி அவர்கள் என்ன செய்கிறார்கள்?
(விவசாயி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றுகிறார்கள் ஐயா. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற இருவர், ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கும் நித்தியகல்யாணி இலையைச் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசியாகப் போட்டதும் ரத்த வெள்ளையணுக்கள் சரிந்தன, எலிகள் தொற்றில் மடிந்தன. தேடிய மருந்து கிடைக்கவில்லை என்று மூடிவைக்காமல், வெள்ளையணு தறிகெட்டுப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்று யோசித்தார்கள். வின்பிளாஸ்டின் பிறந்தது. இன்னொரு குழு வின்கிரிஸ்டினைப் பிரித்தது. 1963 முதல் அது சிகிச்சையில் இருக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அடிப்படை மருந்துகளில் ஒன்று. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால்தான் உங்கள் மண்ணைத் தேடி வருகிறார்கள்.

ஒன்று மட்டும்: இந்த இலையை வீட்டில் மென்று பார்க்காதீர்கள், பிறரையும் விடாதீர்கள். எலிகளுக்கு என்ன நடந்தது என்று மேலே சொன்னேன்.

கேள்வி: மலைவாசிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பட்டணத்து விஞ்ஞானி பேர் வாங்குகிறார். இது திருட்டு இல்லையா?
(சமூக ஊழியர், பாபநாசம்)

பதில்: கேட்டதைச் சொல்லாமல் மறைத்தால் திருட்டுதான். உங்கள் பொதிகை மலையிலேயே இதற்கு ஒரு பெரிய வழக்கு உண்டு. 1987-இல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர்கள் அகத்தியமலைக் காட்டில் நடந்தார்கள். இவர்கள் மூச்சு வாங்கினார்கள். வழிகாட்டிய காணி பழங்குடி இளைஞர்கள் ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் ஏறினார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் அதைச் சோதித்து, வேறு மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோவையிலுள்ள ஆர்ய வைத்திய பார்மசிக்கு 1995-இல் உரிமம். கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் சரிபாதி காணி மக்களுக்கு. பணத்தைப் பெற 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பல்லுயிர் மரபு உடன்படிக்கை சொல்லும் பயன்பங்கீட்டுக்கு உலகம் காட்டும் முதல் உதாரணங்களில் இதுவும் ஒன்று.

குறைகள் இருந்தன. நிழலில் மட்டும் வளரும் செடியைக் காட்டிலிருந்து எடுப்பதில் வனத்துறையோடு சிக்கல். உரிமம் எழுதும்போது காணிகள் எல்லோரையும் கேட்கவில்லை என்ற மனத்தாங்கல். ஆனாலும் பங்கு கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே தொடங்கியது. 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. அதை நடத்தும் தேசிய ஆணையமும் சென்னையில்தான் இருக்கிறது. 2023-இல் வந்த திருத்தம், நூலில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பங்கீட்டிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூலில் ஏறியிருக்கும் பல மூலிகைகளும் முதலில் யாரோ ஒரு காட்டுவாசியின் வாயிலிருந்து வந்தவைதானே?

கேள்வி: மூலிகைக்குக் காப்புரிமை கிடையாது, அதனால்தான் மருந்துக் கம்பெனிகள் சோதிப்பதில்லை என்கிறார் என் நண்பர். சரியா?
(மருந்து விற்பனைப் பிரதிநிதி, சேலம்)

பதில்: பெரும்பகுதி சரி. லாபம் இல்லாத இடத்தில் தனியார் பணம் இறங்காது. காப்புரிமை கொடுத்தாலும் நிலைப்பதில்லை: 1995-இல் அமெரிக்காவில் காயம் ஆற்றும் மஞ்சளுக்கே காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழில் ஆய்வுக் கழகம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து வாதாடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. எல்லோருக்கும் சொந்தமான மருந்தை எல்லோருடைய பணத்தில், அதாவது அரசுப் பணத்தில்தான் சோதிக்க வேண்டும்.

ஆனால் பணம் இல்லை என்பதையே எப்போதும் சாக்காகச் சொல்ல முடியாது. பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய மருத்துவர், கடையில் கிடைத்த சர்ப்பகந்தா மாத்திரையை ரத்தக் கொதிப்பு நோயாளிகள் 50 பேருக்குக் கொடுத்து, ஒழுங்காக அளந்து, 1949-இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகம் விழித்துக்கொண்டது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. சிலருக்கு அது கடும் மனச்சோர்வைத் தந்ததும் பின்னர் தெரிந்தது. நல்லதும் கெட்டதும் இரண்டும் வெளிப்பட்டது, ஒருவர் அளந்து எழுதியதால்தான்.

கேள்வி: நாங்கள் விஞ்ஞானிகள் இல்லை. சாதாரண வீட்டு மனிதர்கள். எங்களால் என்ன செய்ய முடியும்?
(இல்லத்தரசி, காஞ்சிபுரம்)

பதில்: நிறைய. டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற சூரணம், லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். சித்த மருத்துவரிடம் ஆங்கில மருந்துகளின் சீட்டைக் காட்டுங்கள். பொட்டலத்தில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி இல்லாத மருந்தை வாங்காதீர்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சாப்பிட்ட பிறகு அரிப்போ, கண் மஞ்சளோ, கால் வீக்கமோ வந்தால் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். தொகுதி எண்ணோடு மருத்துவரிடம் கொடுத்துப் புகாராகப் பதியச் சொல்லுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இத்தகைய புகார்களைப் பெறும் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் இருக்கிறது.